ஸ்பேம் வடிகட்டியை எந்த இடத்தில் வைப்பது?

மதுரையில், கப்பலூர் தொழிற்பேட்டையிலோ டவுன்ஹால் ரோட்டிலோ ஒரு நிறுவனத்தில் மின்னஞ்சல் தொல்லை பெரிதாகிவிட்டால், முதலில் எழும் கேள்வி "எந்த ஆன்டிவைரஸ் நல்லது?" என்பதுதான். நாலு இடத்தில் விலை கேட்டு, ஒப்பிட்டு, தள்ளுபடி பேசி, எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகும் கணக்குப் பிரிவில் காலை முதல் வேலை ஸ்பேம் எனப்படும் குப்பை மெயில்களை அழிப்பதாகவே இருக்கும். மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. எதை வாங்குவது என்று யோசிக்கும் முன்பே, அதை எங்கே ஓட்டுவது என்று யோசித்திருக்க வேண்டும். சுமாரான வடிகட்டி சரியான இடத்தில் இருந்தால் தருகிற பலனை, உசத்தியான வடிகட்டி தவறான இடத்தில் இருந்தால் தராது.

இடம் விளங்க, மெயில் வருகிற வழி தெரிய வேண்டும். கப்பலூரில் வாகனங்களுக்கு ரப்பர் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அறுபது பேருக்கு மெயில் முகவரி. கோயம்புத்தூர் வாடிக்கையாளர் ஒருவர் கொள்முதல் ஆணையை பி.டி.எஃப். கோப்பாக இணைத்து அனுப்புகிறார். அவருடைய மெயில் சர்வர் முதலில், இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டி.என்.எஸ். அமைப்பிடம், "இந்த டொமைனுக்கு (@ குறிக்குப் பின் உள்ள பெயருக்கு) வரும் மெயிலை வாங்கிக்கொள்வது யார்?" என்று கேட்கும். பதிலாகக் கிடைப்பது எம்.எக்ஸ். பதிவு. அதில் ஒன்றோ பலவோ சர்வர் பெயர்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரிமை எண்ணும் இருக்கும். சிறிய எண் உள்ளதை முதலில் முயல வேண்டும் என்பது விதி. மெயில் வாங்குவதற்கென்றே உள்ள இணைப்பு வாசலான, அந்த சர்வரின் 25ஆம் போர்ட்டைத் தொட்டதும் இரண்டு சர்வர்களுக்கும் இடையே பேச்சு தொடங்குகிறது.

உண்மையிலேயே அது கேள்வியும் பதிலுமாக நடக்கும் பேச்சுதான். அதன் இலக்கணம் எஸ்.எம்.டி.பி.; 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய ஆவணத்தில் இருந்த அடிப்படை வடிவம் இன்றும் மாறவில்லை. வாங்கும் சர்வர் 220 என்று ஆரம்பிக்கும். வந்தவர் 'ஹெலோ' சொல்லித் தன் பெயரைச் சொல்வார்; 250, சரி. அனுப்புநர் முகவரியைச் சொல்வார், 250. பெறுநர் முகவரியைச் சொல்வார், 250. கடிதத்தைத் தரலாமா என்பார், 354, தரலாம். பிறகு கடிதம் முழுவதும், இணைப்புக் கோப்போடு, வரிவரியாக வந்து சேரும். எல்லாம் முடிந்ததற்கு அடையாளமாகத் தனி வரியில் ஒரே ஒரு புள்ளி வரும். அந்தப் புள்ளிக்கு வாங்கும் சர்வர் சொல்லும் பதிலில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த இடத்தில் 250 என்று சொல்லிவிட்டால், கடிதத்தின் பொறுப்பு கை மாறிவிட்டது. இனி அதை உரியவரிடம் சேர்ப்பதோ, சேர்க்க முடியாவிட்டால் அனுப்பியவருக்குத் தெரிவிப்பதோ வாங்கியவரின் கடமை. இது மரியாதைக்குச் சொல்வதல்ல, நெறிமுறையிலேயே எழுதப்பட்ட விதி. 250க்குப் பதிலாக 550 என்று சொன்னால் பொறுப்பு இன்னும் அனுப்பிய சர்வரிடமே இருக்கிறது. தன் பயனருக்கு "போகவில்லை" என்று சொல்ல வேண்டியது அதன் பாடு. 4 என்று தொடங்கும் பதில், "இப்போது முடியாது, பிறகு வா" என்று பொருள்படும். ஒழுங்கான சர்வராக இருந்தால் கடிதத்தை வரிசையில் வைத்துக்கொண்டு நான்கைந்து நாள் வரை மீண்டும் மீண்டும் முயலும்.

ஆகவே வடிகட்ட இரண்டு நேரங்கள் இருக்கின்றன. அந்த 250க்கு முன், அந்த 250க்குப் பின். முன்பே வடிகட்டுங்கள் என்பதே என் கட்சி. ஏன் என்பதை ஒரு பழைய கதை நன்றாகச் சொல்லும்.

எஸ்.எம்.டி.பி.யில் அனுப்புநர் முகவரி என்று சொல்லப்படுவதை நம்புவதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. யார் பெயரையும் யாரும் போட்டுக்கொள்ளலாம். இத்தனைக்கும் அது எழுதப்படுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே குப்பை மெயில் பிறந்துவிட்டது. 1978 மே 3 அன்று, டி.இ.சி. கம்ப்யூட்டர் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துவெர்க் என்ற விற்பனையாளர், இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். அப்போதே பூட்டு போட்டிருக்கலாம் என்று இன்று சொல்வது எளிது. 2004 ஜனவரியில் மைடூம் என்ற வைரஸ் பரவியபோது இந்த ஓட்டை முழுதாகத் தெரிந்தது. வைரஸ், தான் புகுந்த கம்ப்யூட்டரில் கிடைத்த முகவரிகளையே அனுப்புநராகப் போட்டுக்கொண்டது. பல நிறுவனங்களின் சர்வர்கள் மெயிலை முதலில் வாங்கிக்கொண்டு, உள்ளே வைத்துச் சோதித்து, வைரஸ் கண்டதும் "உங்கள் மெயிலில் வைரஸ் இருக்கிறது" என்று அந்தப் பொய் முகவரிக்குக் கடிதம் எழுதின. எதையும் அனுப்பாத அப்பாவிகளின் பெட்டிகள் அந்த எச்சரிக்கைகளால் நிரம்பின.

வாங்கிய பிறகு வடிகட்டுகிறவருக்கு இந்தச் சிக்கலிலிருந்து நல்ல வழியே இல்லை. திருப்பி அனுப்பினால் அப்பாவிக்குத் தொல்லை. அப்படி அனுப்புகிற சர்வரே கறுப்புப் பட்டியலுக்குப் போகலாம். சத்தமில்லாமல் அழித்தால், தவறாகப் பிடிபட்ட நல்ல கடிதம் ஒன்று எங்கே போனது என்று இரு தரப்புக்கும் தெரியாது. கோயம்புத்தூர்க்காரர் ஆணை அனுப்பிவிட்டதாக நினைப்பார். கப்பலூர்க்காரர் வரவில்லை என்று நினைப்பார். பேச்சு நடக்கும்போதே 550 சொன்னால் இந்தக் குழப்பம் இல்லை. பொய் முகவரியோடு வந்த குப்பை அங்கேயே நிற்கும். நல்ல கடிதம் தவறுதலாக மறுக்கப்பட்டாலும், அனுப்பியவருக்கு அவருடைய சர்வரே உடனே தகவல் சொல்லும். அந்த 550 பதிலோடு ஒரு வரி விளக்கமும் அனுப்பலாம். அந்த வரியில் அலுவலகத் தொலைபேசி எண்ணைச் சேர்த்துவிடுங்கள். இதைவிட மலிவான வாடிக்கையாளர் சேவை எனக்குத் தெரிந்து இல்லை.

இடம் முடிவாகிவிட்டது, வாசல் சர்வரில், பேச்சு நடக்கும்போதே. இனி எந்தச் சோதனையை எப்போது செய்வது? மலிவானதை முதலில், செலவு பிடிப்பதைக் கடைசியில் செய்ய வேண்டும்.

தொடர்பு கிடைத்த நொடியிலேயே எதிராளியின் ஐ.பி. முகவரி தெரிந்துவிடும். அது பெயர்போன குப்பை அனுப்பியா என்று ஒரு டி.என்.எஸ். கேள்வியில் தெரிந்துகொள்ளலாம். 1998இல் ஸ்டீவ் லின்ஃபோர்டு தொடங்கிய ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் பட்டியல்கள் இதற்காகவே இருக்கின்றன. புதிதாக அமைப்பவர்கள் அடிக்கடி தடுக்கிவிழும் இடம் ஒன்று இங்கே உண்டு. சர்வர் கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டி.என்.எஸ். வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹாஸின் இலவசப் பட்டியல் முறையான பதில் தராது. டி.என்.எஸ். கேள்விகளுக்குப் பதில் தேடித்தரும் ரிசால்வர் நிரல் ஒன்றைச் சொந்தமாக அந்த சர்வரிலேயே ஓட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பெறுநர் முகவரி. அப்படி ஒருவர் நிறுவனத்திலேயே இல்லையென்றால் கடிதத்தை வாங்கிப் பார்க்கும் அவசியமே இல்லை. பெறுநர் பெயரைச் சொன்னதும் 550. வாயில் வந்த பெயரையெல்லாம் போட்டு அனுப்பிப் பார்க்கும் கூட்டம் இதோடு தொலையும். இதைச் செய்ய வாசல் சர்வருக்கு அறுபது பேரின் பட்டியலும் தெரிந்திருக்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் பாதி அலுவலகங்களில் இது செய்யப்படாமல்தான் கிடக்கிறது.

அறியாத சர்வரை முதல் முறை 4 வகைப் பதில் சொல்லித் திருப்பி அனுப்பும் 'கிரேலிஸ்டிங்' உத்தி 2003இல் வந்தது. குப்பை அனுப்பும் நிரல்கள் பல மறுபடி வருவதில்லை என்பதை நம்பிச் செய்வது. ஒரு காலத்தில் நன்றாக வேலை செய்தது. இன்று இதை எல்லாருக்கும் பொதுவாகப் போடச் சொல்லமாட்டேன். ஜி.எஸ்.டி. தளத்திலிருந்தோ வங்கியிலிருந்தோ வரும் ஓ.டி.பி. பத்து நிமிடத்தில் செத்துவிடும். கிரேலிஸ்டிங் அதை அரை மணி நேரம் வெளியே நிறுத்தி வைத்தால், கணக்காளர் திட்டுவது உங்களைத்தான்.

இவற்றைத் தாண்டி வருவதற்குத்தான் உள்ளடக்கச் சோதனை. கடிதம் முழுவதும் வந்துவிட்டது, புள்ளியும் வந்துவிட்டது, பதில் இன்னும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் ஸ்பேம்அசாசினோ ஆர்ஸ்பாம்டியோ கடிதத்தைப் படித்து மதிப்பெண் போடும், கிளாம்ஏ.வி. இணைப்பைப் பிரித்து வைரஸ் தேடும். எதிர் சர்வர் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்ற பயம் வேண்டாம். அந்தப் புள்ளிக்குப் பிறகு பத்து நிமிடம் வரை காத்திருக்க வேண்டும் என்று நெறிமுறை சொல்கிறது. சோதனை சில நொடிகளில் முடியும். ஆனால் இது நினைவகத்தை விழுங்கும் வேலை. கிளாம்ஏ.வி. தன் வைரஸ் அடையாளப் பட்டியலை வைத்துக்கொள்வதற்கே ஒரு ஜி.பி.க்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஒரு ஜி.பி. நினைவகம் கொண்ட மலிவு வாடகை சர்வரில் இதை ஏற்றிவிட்டு, "லினக்ஸ் அடிக்கடி நின்றுவிடுகிறது" என்று புலம்புகிறவர்கள் உண்டு. முந்தைய சோதனைகள் பெரும்பகுதியை வெளியிலேயே நிறுத்திவிட்டால்தான் இந்தச் செலவு கட்டுப்படியாகும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் இதற்கு 'மில்டர்' என்ற இணைப்பு முறை இருக்கிறது. ஆர்ஸ்பாம்டி அதன் வழியாக ஒட்டிக்கொள்ளும்.

இனி, பலரும் கோட்டைவிடும் விஷயம். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்பேசி கொண்டுபோக முடியாது. நான்கு கோபுர வாசலிலும் சோதித்து, வெளியே வைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள். மூன்று வாசலில் சோதித்து வடக்கு வாசலை மட்டும் திறந்துவிட்டால் என்ன ஆகும்? ஒரே வாரத்தில் ஊரே வடக்கு வாசல் வழியாகப் போகத் தொடங்கிவிடும். எம்.எக்ஸ். பதிவில் 'துணை சர்வர்' என்று இரண்டாவதாக ஒன்றைப் போடுவதில் நடப்பதும் இதுவே. முதல் சர்வர் படுத்துவிட்டால் வாங்கிவைக்க ஒன்று இருக்கட்டுமே என்று, இணைய இணைப்பு தருகிறவரிடமோ பழைய வாடகை சர்வரிலோ அதை அமைப்பார்கள். அதில் வடிகட்டியும் இருக்காது, பெறுநர் பட்டியலும் இருக்காது. சிறிய எண்ணை முதலில் முயல வேண்டும் என்ற விதியைக் குப்பை அனுப்புகிறவர்கள் மதிப்பதில்லை. வேண்டுமென்றே பெரிய எண்ணுக்குப் போவார்கள். துணை சர்வர் எல்லாவற்றுக்கும் 250 சொல்லி வாங்கி, முதன்மை சர்வருக்குத் தள்ளும். முதன்மை சர்வர் மறுத்தால், ஏற்கெனவே பொறுப்பேற்றுவிட்ட துணை சர்வர் அந்தப் பொய் முகவரிக்குத் திருப்பி அனுப்பும். மைடூம் கதை மறுபடியும்.

துணை சர்வருக்கும் அதே வடிகட்டி, அதே பட்டியல் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதை எடுத்துவிடுவது மேல். அறுபது பேர் நிறுவனத்துக்கு எடுத்துவிடுவதையே சொல்வேன். அனுப்பும் சர்வர்கள் நாலைந்து நாள் முயல்கின்றன என்று பார்த்தோம். கப்பலூரில் ஒரு நாள் இணைப்பு அறுந்துபோனாலும் மெயில் தொலைந்துவிடாது, தாமதமாகும், அவ்வளவுதான்.

சொந்த சர்வரே வேண்டாம், வடிகட்டும் வேலையை வெளியே கொடுத்துவிடலாம் என்ற வழியும் இருக்கிறது. எம்.எக்ஸ். பதிவை ஒரு கிளவுடு சேவையின் பக்கம் திருப்பினால் அவர்கள் வாங்கி, வடிகட்டி, மிச்சத்தை உங்கள் சர்வருக்கு அனுப்புவார்கள். பெட்டிகளும் அங்கேயே என்றால் கூகுளோ மைக்ரோசாஃப்டோ இரண்டையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளும். பத்து இருபது பேர் உள்ள ஏற்றுமதிக் கடையோ சுங்குடிச் சேலை மொத்த வியாபாரமோ என்றால் வேறு யோசனையே வேண்டாம். மெயில் சர்வரைச் சொந்தமாகப் பேணுவது ஓர் ஆளின் முழுநேர எரிச்சல். பெட்டிகள் உங்களிடமும் வடிகட்டி வெளியேயும் இருந்தால் மட்டும் இரண்டு காரியங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, உங்கள் சர்வரின் 25ஆம் போர்ட் அந்தச் சேவையின் ஐ.பி. முகவரிகளுக்கு மட்டுமே திறந்திருக்க வேண்டும். எம்.எக்ஸ். பதிவில் பெயர் இல்லாவிட்டாலும் பழைய ஐ.பி. முகவரியை நினைவில் வைத்திருந்து நேரே வருகிறவர்கள் இருக்கிறார்கள். மற்றொன்று, உள்ளே நீங்கள் ஓட்டும் இரண்டாவது வடிகட்டிக்கு இனி எல்லாக் கடிதமும் ஒரே இடத்திலிருந்து வருவதுபோலத் தெரியும். ஒரு டொமைனுக்காக மெயில் அனுப்ப எந்த ஐ.பி.க்கு உரிமை என்று அறிவிக்கும் எஸ்.பி.எஃப். சோதனை அங்கே நடந்தால், வங்கியின் உண்மையான கடிதம்கூடப் போலி என்று விழும். நடுவில் இருப்பது நம் ஆள்தான் என்று அந்த வடிகட்டிக்குச் சொல்லிவைக்க வேண்டும், அல்லது எஸ்.பி.எஃப். சோதனையை வெளி வாசலோடு நிறுத்திவிட வேண்டும்.

ஃபயர்வால் பெட்டியிலேயே மெயில் வைரஸ் சோதனையும் உண்டு என்று விற்பார்கள். இன்று சர்வர்களுக்கு இடையே போகும் மெயிலில் பெரும்பாலானது டி.எல்.எஸ். முறையில் பூட்டப்பட்டே போகிறது. வழியில் நிற்கும் பெட்டி உள்ளே பார்க்க முடியாது; பார்க்க வேண்டுமென்றே பூட்டுப் போடும் பேச்சைத் தடுத்து, கடிதத்தைத் திறந்த நிலையில் வரவைக்கும் பெட்டிகளும் இருக்கின்றன. அது பாதுகாப்புக்கு நேர் எதிர். ஃபயர்வால் போர்ட்டை மூடும் வேலையைச் செய்யட்டும்.

வாசலில் எல்லாம் பிடிபடாது. மதிப்பெண் விஷயத்தில் எப்போதும் ஒரு சாம்பல் பகுதி உண்டு. ஆர்ஸ்பாம்டி முன்னிருப்பாக 15 மதிப்பெண்ணுக்கு மேல் போனால் மறுக்கும். 6க்கு மேல் இருந்தால் கடிதத்தோடு வரும் மறைவான தலைப்பு வரிகளில் (ஹெடர்) 'சந்தேகம்' என்று ஒரு குறி மட்டும் போடும். அந்தக் குறியைப் படித்துக் கடிதத்தைக் குப்பைக் கோப்புறைக்கு நகர்த்துவது பெட்டிகள் இருக்கும் உள் சர்வரின் வேலை. ஒவ்வொருவரும் எதைக் குப்பை என்று தள்ளுகிறார், எதைத் திரும்ப எடுக்கிறார் என்பதிலிருந்து கற்றுக்கொள்வதும் அங்கேதான் நடக்க முடியும். கொள்முதல் பிரிவுக்காரருக்கு, ரப்பரில் கலக்கும் கார்பன் பிளாக்கின் விலைப்பட்டியல் தேவை. மனிதவளப் பிரிவுக்கு அது குப்பை. வாசலில் நிற்கிற சர்வருக்கு இந்த நுணுக்கம் எட்டாது.

வைரஸை இப்படிச் சாம்பல் பகுதியில் விடக் கூடாது. குப்பை மெயிலைத் திறந்து பார்த்தால் நேரம்தான் போகும். வைரஸைத் திறந்தால் தொழிற்சாலையே நிற்கலாம். அடையாளம் தெரிந்த வைரஸுக்கு மறுப்பு மட்டுமே. கோப்புறை எல்லாம் கிடையாது. சிக்கல் பூட்டிய ஜிப் கோப்பில்தான். வாகன நிறுவனங்கள் பாகங்களின் வரைபடங்களைக் கடவுச்சொல் போட்ட ஜிப்பில் அனுப்புவது வழக்கம். வைரஸ்காரர்களும் அதையே செய்கிறார்கள். 'கொள்முதல் ஆணை' என்று பெயரிட்ட ஜிப், அதன் கடவுச்சொல் கடிதத்திலேயே எழுதியிருக்கும். வடிகட்டிக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், உள்ளே பார்க்க வழியில்லை. இதற்கு மட்டும் தனியே நிறுத்திவைக்கும் பெட்டி ஒன்றும், வாடிக்கையாளருக்குப் போன் செய்து கேட்டு விடுவிக்கிற ஒரு மனிதரும் தேவை. அந்த மனிதர் விடுப்பில் போகும் நாளுக்கு இன்னொருவரும் தேவை.

மேசைக் கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ் வேண்டாமா என்றால், வேண்டும். பென் டிரைவ் எம்.எக்ஸ். பதிவைப் பார்த்து வருவதில்லை. வாட்ஸ்அப்பில் வரும் கோப்பும் அப்படியே. காலையில் வாசலைக் கடந்த புதிய வைரஸின் அடையாளம் மாலையில்தான் பட்டியலில் சேரும் என்ற நிலையிலும், கடிதத்தை நண்பகலில் திறக்கிறவரைக் காப்பாற்ற அந்தக் கம்ப்யூட்டரில் ஏதாவது இருக்க வேண்டும். அது கடைசி அடுக்கு. முதல் அடுக்காக அதை நம்புவதுதான் தவறு.

வெளியே போகும் மெயிலையும் சோதிக்க வேண்டும் என்றால் பலர் வியப்பார்கள். நம் ஆட்கள் குப்பையா அனுப்பப்போகிறார்கள்? அவர்கள் அனுப்ப வேண்டியதில்லை, அவர்களுடைய கடவுச்சொல் களவு போனால் போதும். தேனிப் பக்கம் சுற்றும் விற்பனைப் பிரதிநிதியின் கணக்கிலிருந்து ஒரே இரவில் பல்லாயிரம் மெயில் போகும். விடிவதற்குள் உங்கள் சர்வரின் ஐ.பி. கறுப்புப் பட்டியலில் இருக்கும். அன்று தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்கை ஏற்ற வேண்டிய சுங்க முகவருக்கு நீங்கள் அனுப்பும் ஆவணம் 550 என்று திரும்பி வரும். உள்ளே வருவதற்கு வைத்த அதே வடிகட்டியை வெளியே போவதற்கும் வைத்து, ஒரு கணக்கு ஒரு மணி நேரத்தில் இத்தனை மெயில்தான் அனுப்பலாம் என்று வரம்பும் போட வேண்டும். மெயில் சர்வரைத் தவிர உள்ளே வேறெந்தக் கம்ப்யூட்டரும் வெளியே 25ஆம் போர்ட்டைத் தொட முடியாதபடி ஃபயர்வாலில் அடைத்துவிடுங்கள். வைரஸ் புகுந்த கம்ப்யூட்டர் தானாக அஞ்சல் நிலையம் நடத்துவது இதோடு நிற்கும்.

அமைத்ததைச் சோதிக்க உண்மையான வைரஸ் தேவையில்லை. 68 எழுத்துகள் கொண்ட ஐகார் என்ற தீங்கற்ற சோதனைக் கோப்பை எல்லா ஆன்டிவைரஸும் வைரஸாகவே நடத்தும்; ஸ்பேமுக்கு அதேபோல ஜிட்யூப் என்ற சோதனை வரி உண்டு. ஜிமெயில் கணக்கிலிருந்து ஐகாரை இணைத்து அனுப்ப முயல வேண்டாம். வெளியே போவதையும் சோதிக்கிற சேவை என்பதால் அவர்களே நிறுத்திவிடுவார்கள். வெளியில் உள்ள ஒரு லினக்ஸ் சர்வரில் ஸ்வாக்ஸ் என்ற சிறு கருவியை வைத்துக்கொண்டு, எம்.எக்ஸ். பதிவில் உள்ள ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். பிறகு உள்ளிருந்து வெளியேயும் ஒன்று. போஸ்ட்ஃபிக்ஸ் என்றால் பதிவேட்டில் 'மில்டர்-ரிஜெக்ட்' என்று வர வேண்டும். 'பவுன்ஸ்டு' (திருப்பி அனுப்பப்பட்டது) என்று எங்காவது கண்ணில் பட்டால், அந்த சர்வர் வாங்கிய பிறகுதான் சோதிக்கிறது. வடிகட்டியை மாற்றுவதற்கு முன் அதன் இடத்தை மாற்றுங்கள்.